துக்குமான்: பாதையும் சீனியும் வகுத்த நகர்

நகரொன்றின் உயர்வையும் தாழ்வையும் மண்ணும் மழையுமே நிர்ணயிக்கின்றன என்பது பொதுவான கருத்து. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு ஆர்ஜென்ரீனாவின் வடமேற்கிலுள்ள சான் மிகுவேல் டி துக்குமான் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

தலைநகர் புவனஸ் அயர்சிலிருந்து 1,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் இந்நகர் அமைந்துள்ளது. மேற்கே அக்கோன்கீகா மலைத்தொடர். கிழக்கே சாலி ஆறு. ஈரக் காற்றை மலைகள் தடுத்து மழை பொழிவிப்பதால், வறண்ட அயற்பிரதேசங்களுக்கிடையே துக்குமான் மட்டும் பசுமையாகத் திகழ்கின்றது. ‘குடியரசின் பூந்தோட்டம்’ என அழைக்கப்படுவதும் இதனாலேயாம்.

1565இல் டியாகோ டி வில்லரோயேல் என்னும் ஸ்பானியர் இபத்தீன் என்னுமிடத்தில் இந்நகரை நிறுவினார். வெள்ளமும் நோயும் வருத்தின. வணிகப் பாதையும் கிழக்கே விலகிச் சென்றது. எனவே 1685இல் நகர் இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டது. பொத்தோசி வெள்ளிச் சுரங்கங்களையும் புவனஸ் அயர்சையும் இணைத்த அப்பாதையே நகரை வாழவைத்தது. காட்டு மரங்களால் வண்டி செய்தலும் கோவேறு கழுதை வணிகமும் இங்கு செழித்தன. 1812இல் மனுவேல் பெல்கிரானோ அரச படையை இங்கு முறியடித்தார். 1816 யூலை 9ஆம் திகதி நாட்டின் சுதந்திரம் பிரகடனஞ் செய்யப்பட்டதும் இந்நகரிலேயே.

1820களின் தொடக்கத்தில் கொலொம்பிரெஸ் என்னும் மதகுரு கரும்புச் செய்கையைப் பரப்பினார். ஆயினும் மாட்டுவண்டியில் மாதக்கணக்காகப் பயணஞ் செய்த சீனிக்குத் தூரச் சந்தை எட்டவில்லை. 1876இல் புகையிரதம் வந்தபின்னரே நிலைமை மாறிற்று. நீராவி இயந்திரங்கள் வந்திறங்கின. இறக்குமதிச் சீனிமீது விதிக்கப்பட்ட வரி உள்ளூர் ஆலைகளைக் காத்தது. அப்போதைய சனாதிபதி அவெல்லனேதாவும் அவருக்குப் பின்வந்த ரோக்காவும் துக்குமானிற் பிறந்தவர்கள் என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. எனினும் பெரும் ஆலைகளின் முன் சிற்றாலைகள் நிலைக்கவில்லை. அறுவடைக் காலத்தில் அயல் மாகாணங்களிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரின் உழைப்பிலேயே இச்செல்வம் திரண்டது. 1890களின் நடுப்பகுதியில் மிகையுற்பத்தி நெருக்கடியும் தோன்றியது.

தலைநகரில் எடுக்கப்பட்ட தீர்மானத்தால் வளர்ந்த கைத்தொழில் அத்தகைய தீர்மானத்தாலேயே வீழ்ந்தது. 1966இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஒன்கானியாவின் இராணுவ அரசு, மாகாணத்தின் 27 சீனி ஆலைகளுள் 11ஐ ஈராண்டுகளுக்குள் மூடச் செய்தது. ஆலைகளைச் சூழ்ந்த ஊர்கள் வெறுமையாயின. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி வெளியேறினர். 1969 முதல் 1972 வரை மாணவரும் தொழிலாளரும் ஒன்றுசேர்ந்து வீதிகளில் இறங்கினர். 1975இல் இராணுவ நடவடிக்கை ஆரம்பமாகிப் பலர் காணாமற் போயினர்.

பின்னர் எலுமிச்சைச் செய்கை பெருகி, துக்குமான் இன்று உலகின் முக்கிய எலுமிச்சை உற்பத்திப் பிரதேசங்களுள் ஒன்றாகியுள்ளது. ஆயினும் இப்பயிரும் வெளிநாட்டுச் சந்தையையே பெரிதும் நம்பியிருக்கின்றது.

மண்ணும் மழையும் வாய்ப்பை வழங்கின. அதனைச் செல்வமாக்கியதும் சிதைத்ததும் பாதையும் வரியும் அரச ஆணையுமே. சுதந்திரம் பிரகடனஞ் செய்யப்பட்ட நகரின் மக்களுக்குத் தம் பிழைப்பைத் தாமே தீர்மானிக்கும் உரிமை கிட்டவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.