ஓரியின் குதிரைக்கு அப்பா யார்?

கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியது இவனைத்தான். ஆடி மாதம் 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் இவனுக்கு விழாவும் எடுக்கிறார்கள்.

பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர்! அவனைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. சிறுபாணாற்றுப்படை இந்த இரண்டு குதிரைகளையும் அவற்றின் தலைவர்களோடு சேர்த்தே பேசுகிறது.

ஆக, குதிரையின் பெயர் தெரியும், யாருடையது என்றும் தெரியும். ஆனால் அது எங்கே பிறந்தது, அதன் தாய் தந்தை எவை, குட்டி போட்டதா, அந்தக் குட்டிகள் என்ன ஆயின? எதுவும் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டில் ஒரு குதிரைக் குட்டி பிறந்தால் அதை இனச் சங்கத்தில் பதிவு செய்வதா, வேண்டாமா என்று இன்று குதிரை வளர்ப்பவர்கள் யோசிக்கிறார்கள். அந்த யோசனைக்கு இந்தப் பழங்கதை நன்றாகவே உதவும்.

கப்பலில் வந்த குதிரை

தமிழ்நாட்டில் நல்ல குதிரை என்றால் பெரும்பாலும் கடல் வழியாக வந்த குதிரைதான். காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஒருவரே ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார் என்றும், ஆண்டு முடிவில் நூறு கூட உயிரோடு இருக்காது என்றும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பதே அவர் சொல்லும் காரணம். உயர்ந்த ஆண் குதிரையையும் உயர்ந்த பெண் குதிரையையும் சேர்த்தாலும் இங்கே பிறப்பது கால் வளைந்த சிறு குட்டிதான் என்றும் குறிப்பிடுகிறார்.

அவர் எழுதியதில் மிகைப்படுத்தலும் இருக்கலாம். ஆனால் அன்றைய மனநிலை இதில் தெரிகிறது. மதிப்பு இறக்குமதிக்குத்தான், உள்ளூர்க் குட்டிக்கு இல்லை. மதிப்பில்லாத குட்டிக்கு வம்ச வரலாறு எதற்கு?

நரியும் பரியும்

குதிரை வாங்குவதில் உள்ள ஆபத்தை மாணிக்கவாசகர் கதை அழகாகக் காட்டுகிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவழித்துவிடுகிறார். இறைவனே குதிரை வணிகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு நிறுத்துகிறார். திருவிளையாடற் புராணத்தில் அந்த வணிகர் ஒவ்வொரு குதிரையின் இலக்கணத்தையும் எடுத்துச் சொல்ல, மன்னனும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்கிறான். இரவில் அவை மீண்டும் நரிகளாகிவிடுகின்றன! பக்திக் கதைதான். ஆனாலும் கண்ணால் பார்த்த இலக்கணம் மட்டும் போதாது என்பதும் அதற்குள் இருக்கிறது.

இங்கிலாந்தில் இது உண்மையாகவே நடந்தது. 1844 டெர்பி பந்தயத்தில் 'ரன்னிங் ரெயின்' என்ற குதிரை முதலில் வந்தது. அது மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம். வந்ததோ, வேறு பெயரில் ஓட விடப்பட்ட நான்கு வயதுக் குதிரை! வழக்கு நீதிமன்றம் வரை போய், பரிசு இரண்டாவதாக வந்த குதிரைக்குப் போனது.

இத்தனைக்கும் அங்கே 1791-லேயே 'ஜெனரல் ஸ்டட் புக்' என்ற பதிவேட்டை ஜேம்ஸ் வெதர்பி தொடங்கிவிட்டார். இந்தக் குட்டிக்குத் தாய் இது, தந்தை இது என்று எழுதும் புத்தகம் அது. புத்தகம் இருந்தால் மட்டும் போதாது, கண்முன் நிற்கும் குதிரை அதில் எழுதப்பட்ட குதிரைதானா என்பதையும் உறுதி செய்ய வேண்டும் என்பதே 1844 கற்றுத் தந்த பாடம். இன்று மரபணுச் சோதனையும் மைக்ரோசிப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.

பெயர் ஒன்று, விதி வேறு

இன்றைய தோரோபிரெட் பந்தயக் குதிரைகளின் ஆண் வழி மூன்றே குதிரைகளில் போய் முடிகிறது: பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன். மூன்றும் உரிமையாளர்களின் பெயரைத் தாங்கியவை. ஓரியின் குதிரையைப் போலவே! ஆனால் அவற்றின் வாரிசுகள் இன்று உலகம் முழுக்க ஓடுகின்றன. ஓரியின் குதிரை இரண்டு சொற்களாக மட்டும் நிற்கிறது. வித்தியாசம் வீரத்தில் இல்லை. குட்டிகளின் கணக்கை ஒருவர் எழுதினார், இன்னொருவர் எழுதவில்லை. அவ்வளவுதான்.

இந்தியாவில் இன்று

இங்கே இரண்டு வகைப் பதிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தனிக் குதிரையின் பதிவு. பந்தயக் குதிரைகளுக்குப் புனேயில் உள்ள ஸ்டட் புக் ஆணையம் இதைச் செய்கிறது. மார்வாரி போன்ற இனங்களுக்கு அவற்றின் சங்கங்கள் செய்கின்றன. மற்றொன்று இனத்தின் பதிவு. இது கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் பணியகத்தின் வேலை. மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, பூட்டியா, ஸ்பிட்டி, சன்ஸ்காரி, கட்ச்சி-சிந்தி ஆகியவற்றோடு மராட்டியப் படைகளில் ஓடிய பீம்தடி இனமும் அண்மையில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டின் பெயரில் ஒரு குதிரை இனமும் அதில் இல்லை. காங்கேயம், பர்கூர், உம்பளாச்சேரி என்று மாடுகளுக்குக் கிடைத்த இடம் குதிரைக்குக் கிடைக்கவில்லை.

காலமும் அதிகம் இல்லை. 2012-ல் நாட்டில் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன.

பதிவு செய்வதா, வேண்டாமா?

கொல்லிமலைக்கு மேற்கே ஈரோடு மாவட்டத்தில், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். மார்வாரியும் கத்தியவாரியும் நாட்டுக் குதிரையும் அங்கே விலைக்கு வரும். மார்வாரிக் குட்டி வைத்திருப்பவருக்குப் பதில் எளிது: தாய் தந்தைக்குச் சான்று இருந்தால் உடனே பதிவு செய்வதே நல்லது. திருட்டு, ஏமாற்று, நெருங்கிய உறவில் இனச்சேர்க்கை மூன்றிலிருந்தும் அது காக்கும். பதிவு எண் குட்டியை வேகமாக ஓட வைக்காது என்பதும் உண்மைதான். கதவை முழுக்க மூடிய பதிவேடு இரத்த உறவைக் குறுக்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் கணக்கே இல்லாவிட்டால் குறுகுகிறதா என்று கூடத் தெரியாது.

நாட்டுக் குதிரைக் குட்டிக்குத்தான் சிக்கல். அதைச் சேர்க்க ஒரு புத்தகமே இல்லை. அதற்காகக் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் குதிரை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சுழி. ராசிக்காக அவர்கள் பார்க்கும் அதே சுழியைத்தான், இது இன்ன குதிரை என்று அடையாளம் காட்ட ஸ்டட் புக் பதிவாளரும் படம் வரைந்து குறித்துக்கொள்கிறார்! பார்க்கத் தெரிந்த கண் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. குட்டி பிறந்த தேதி, தாய், தந்தை, நிறம், சுழி ஆகியவற்றை ஒரு சாதாரண நோட்டில் எழுதத் தொடங்கினால் போதும். வெதர்பியும் அங்கங்கே சிதறிக் கிடந்த குறிப்புகளைத் திரட்டித்தான் தன் புத்தகத்தை உருவாக்கினார்.

ஓரிக்கு அவன் குதிரை என்றால் தன் பெயரையே கொடுக்கும் அளவுக்கு உயிர். அந்தக் குதிரையின் குட்டிக்கு ஒரு வரி எழுதி வைக்கத்தான் ஆளில்லாமல் போய்விட்டது. அடுத்த ஆடியில் அந்தியூருக்கு வரும் குட்டிகளுக்காவது அந்த ஒரு வரி கிடைக்கட்டும்.