கறுப்பு ட்சுட்: பனி பெய்யாத குளிர்காலத்தின் கதை

எங்களுக்குத் தண்ணி உறையிறதெண்டால் பிரிட்ஜுக்குள்ள மட்டும்தான். அதனாலதான் மொங்கோலிய வரலாற்றை வாசிக்கேக்க ஒரு சொல்லில் நான் அப்படியே நின்றுவிட்டேன். குளிர்காலத்தில் மந்தைகள் கூட்டங்கூட்டமாகச் சாகும் பேரிடரை அங்கே 'ட்சுட்' என்கிறார்கள். அதிலும் வகைகள் உண்டு. ஆழமான பனி புல்லை மூடினால் வெள்ளை ட்சுட். உருகின பனி திரும்ப இறுகி, புல்லின் மேல் கண்ணாடி போலப் படிந்தால் இரும்பு ட்சுட். பனியே பெய்யாவிட்டால் கறுப்பு ட்சுட்.

பனி பெய்யாட்டி நல்லதுதானே எண்டு நானும் நினைச்சன். விசயம் தண்ணீரில் இருக்கிறது.

குளிர் -40 பாகை வரை இறங்கும் நாடு அது. ஆறுகள் இறுகிவிடும். ஆடுகளும் செம்மறிகளும் மேய்கிற இடத்திலேயே பனியைத் தின்றுதான் தாகம் தீர்க்கும். அதுவும் சும்மா கிடைக்கிற தண்ணி இல்லை. 1 கிலோ பனியை உருக்க மட்டும் கிட்டத்தட்ட 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும்; உருகின நீரை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர இன்னும் 40 அளவில் வேண்டும். அவ்வளவும் தின்ற காய்ந்த புல்லிலிருந்து வரவேண்டும். அந்தப் பனியும் பெய்யவில்லையென்றால், புல் இருந்தும் அந்த இடத்தில் மந்தையை நிறுத்த முடியாது.

மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, ஆற்றுப் பனிக்கட்டியைக் கோடரியால் உடைத்துத் துளை போடுவது. விடிஞ்சால் அது திரும்ப மூடியிருக்கும், திரும்ப உடைக்கவேணும். மற்றது கிணறு. நிலத்தடியில் குளிர் அவ்வளவு இறங்காததால் ஆழத்துத் தண்ணீர் உறையாது. ஆனால் அள்ளித் தொட்டியில் ஊற்றின உடனேயே அது இறுகத் தொடங்கும். மந்தை வந்து நிற்கும்போதுதான் இறைக்க வேண்டும். மிச்சம் விட்டால் நாளைக்குத் தொட்டி முழுக்கப் பனிக்கட்டிதான்.

இந்தக் கிணறுகளுக்கு ஒரு அரசியல் வரலாறு இருக்கு. 1930களின் தொடக்கத்தில் அரசு மந்தைகளைப் பலவந்தமாகக் கூட்டுடைமையாக்கப் பார்த்தது. மக்கள் தங்கட கால்நடைகளைத் தாங்களே வெட்டினார்கள், 1932இல் கிளர்ச்சியும் வெடித்தது. அரசு பின்வாங்கியது. 1950களில் திரும்ப முயன்று, அந்தத் தசாப்தம் முடியும்போது அநேகமாக எல்லா மேய்ப்பரையும் 'நெக்தெல்' எனும் கூட்டுறவுகளுக்குள் கொண்டுவந்தது. நெக்தெல் சுதந்திரத்தைக் குறைத்தது. அதேநேரம் ஆயிரக்கணக்கான கிணறுகள் வந்தன. பம்புகளுக்கு எரிபொருளும் உதிரிப்பாகமும் வந்தன. பழுதானால் திருத்துவதற்கு ஆள் இருந்தது.

1990இல் ஒரு கட்சி ஆட்சி முடிந்தது. சோவியத் உதவி நின்றது. அடுத்த சில வருடங்களில் நெக்தெல்கள் கலைந்தன. கால்நடைகளைத் தலைக்கு இத்தனை என்று பிரிக்கலாம். கிணற்றை எப்படிப் பிரிக்கிறது? 1992 அரசியலமைப்பின்படி மேய்ச்சல் நிலம் தனியாருக்குப் போகவில்லை. ஆடு என்னுடையது, புல் எல்லாருடையது, கிணறு? தெளிவான பதில் இல்லாததால் பல பம்புகள் பழுதாகிக் கிடந்தன. இதே நேரம் தொழிற்சாலைகள் மூடப்பட, வேலை இழந்தவர்கள் மேய்ச்சலுக்குத் திரும்பினார்கள். காஷ்மீர் கம்பளிக்காக வெள்ளாடுகளும் பெருகின. 1990இல் சுமார் 2.6 கோடியாக இருந்த கால்நடைகள் 1999இல் 3.3 கோடியைத் தாண்டின. இயங்கிய கிணறுகளைச் சுற்றியே எல்லாரும் நெருங்கியதால், அங்கே புல் மொட்டையானது.

பிறகு 1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து மூன்று ட்சுட்கள். சுமார் 1 கோடி கால்நடைகள் செத்தன. 2009–10 குளிர்காலத்தில் மட்டும் திரும்பவும் அதே அளவு. மந்தையை இழந்த குடும்பங்கள் பல உலான்பாட்டர் நகர விளிம்பில் கூடாரம் அடித்தன.

எல்லாத்துக்கும் கிணறுதான் காரணம் எண்டு சொல்லேலாது. கோடை வறட்சி இருந்தது, கடுங்குளிர் இருந்தது. ஆனால் வறட்சியும் குளிரும் முன்பும் வந்தவைதான். புதிதாக நடந்தது, அவற்றைத் தாங்குவதற்கு இருந்த பொது ஏற்பாடு கலைந்ததே. அதற்காக நெக்தெல் காலத்தைப் பொற்காலம் ஆக்கத் தேவையில்லை. 1932இல் மக்கள் ஏன் எழுந்தார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்கவேணும். அதிகாரம் கட்டின கிணற்றை, அதிகாரம் போன பிறகு ஆர் இறைக்கிறது, ஆர் திருத்துறது? மொங்கோலியாவுக்கு மட்டும் உரிய கேள்வியோ இது?