அடையாள அட்டையை எதிர்த்த கரம்பன் புரொக்டர்

"ஐசி எடுத்தியா?" வடக்கில் வளர்ந்த எங்களில் பலருக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் அம்மா படலை திறந்து விட்டதாக ஞாபகமே இல்லை. குறிகட்டுவானில் நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ படகு ஏறப் போறவையும் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளுற அட்டை அது. அந்த அட்டைக்கான சட்டம் வந்தபோது, தன்ர கட்சியையே எதிர்த்து நிண்டவர் இந்தத் தீவுகளின் எம்.பி.தான். அவர் பெயர் வி. நவரத்தினம்.

கரம்பனைச் சேர்ந்த நவரத்தினம் தொழிலால் ஒரு புரொக்டர், அதாவது சட்டத்தரணி. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினவர்களில் ஒருவர். கட்சி ஏன் தொடங்கினது எண்டதை மறந்தால் அவரைப் புரிஞ்சுகொள்ளேலாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் காலத்தில் தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோட சேர்ந்ததை ஏற்காமல் செல்வநாயகமும் மற்றவர்களும் பிரிஞ்சு வந்தார்கள். தோட்டத்துச் சனத்தின் குடியுரிமை இந்தக் கட்சியின் அத்திவாரத்திலேயே இருந்தது.

1963இல் ஊர்காவற்றுறைத் தொகுதி எம்.பி. வி. ஏ. கந்தையா இறந்தபின் நடந்த இடைத்தேர்தலில் நவரத்தினம் வென்றார். 1965இலும் வென்றார். அந்த வருசம் டட்லி - செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தாகி, தமிழரசுக் கட்சி அரசாங்கத்துக்கு ஆதரவு குடுத்தது. மாவட்ட சபைகள் வரும் எண்டது நம்பிக்கை.

இதுக்குள்ளதான் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம். எல்லாருக்கும் ஒரு அட்டை, இதில என்ன பிழை? மேலோட்டமாப் பார்த்தால் ஒண்டும் இல்லை. ஆனால் நாட்டில் லட்சக்கணக்கானவர்களுக்குக் குடியுரிமையே இல்லாத நேரம் அது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எண்டு கணக்குப் போட்டு, 1,50,000 பேரின் முடிவைப் பிறகு பார்ப்பம் எண்டு விட்டிருந்தது. அப்படியொரு நாட்டில் 'உன் அட்டை எங்க?' எண்ட கேள்வி எல்லாரையும் ஒரே மாதிரித் தொடாது. தமிழரைத் தொல்லைப்படுத்த இது பயன்படும் எண்டார் நவரத்தினம். கட்சி கேட்கவில்லை. உறவு முறிஞ்சது.

மாவட்ட சபைத் திட்டமும் 1968இலேயே கைவிடப்பட்டது. எதுக்காகப் பொறுத்தார்களோ, அதுவும் கிடைக்கவில்லை.

1969இல் அவர் தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கினார். 1970 தேர்தலில் ஊர்காவற்றுறைச் சனம் அவரைத் தோற்கடிச்சு, தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினத்தைத் தெரிவு செய்தது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்தபோது, ஆறு வருசத்துக்கு முதல் தனிச்சு நிண்டு தோத்த மனிசனை ஆராவது நினைச்சிருப்பினமா?

அட்டைக்கு என்ன நடந்தது? வடக்கு கிழக்கில் குடுத்த அட்டைகளில் சிங்களத்தோட தமிழும் இருந்தது. மற்ற இடங்களில் சிங்களம் மட்டும். மொழியுரிமை போலத் தெரிஞ்ச அந்த இரண்டு எழுத்துருவே, யுத்த காலச் சோதனைச் சாவடிகளில் 'இவர் எந்தப் பக்கத்து ஆள்' எண்டு ஒரு பார்வையில் காட்டிக் குடுத்தது. எல்லாருக்கும் இருமொழி அட்டை எண்டு வந்தது 2014இல்தான்.

நவரத்தினத்தை வழிபட வேண்டியதில்லை. அவர் லியோன் யூரிசின் 'எக்சோடஸ்' நாவலை 'நமக்கென்றொரு நாடு' எண்டு தமிழாக்கினவர். இஸ்ரேல் உருவான கதையை எங்களுக்கு முன்மாதிரியாக் காட்டின புத்தகம். அதே 1948இல் ஏழு லட்சம் வரையான பாலஸ்தீனர் வீடிழந்ததை அந்த நாவலின் கண்ணால் பார்க்கேலாது. மலையகத்தில் நாடற்றவர்களைக் கண்ட ஒருவருக்கு அங்க நாடற்றுப்போனவர்கள் ஏன் தெரியவில்லை? இதையும் சேர்த்துத்தான் நாங்கள் அவரைப் படிக்க வேணும்.

பிறகு அவர் கனடாவுக்குப் போனார். 2006 டிசம்பரில், தொண்ணூறு வயதைக் கடந்து, அங்கேயே இறந்தார்.

இப்ப இந்திய நிதியுதவியோட டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிக் கதைக்கினம். விரலடையாளமும் அதில் சேரும். வசதிதான், வரிசைகள் குறையும். ஆனால் இந்தத் தகவல் ஆரிட்டப் போகும், நாளைக்கு வேறொரு அரசாங்கம் இதை ஆருக்கு எதிராப் பாவிக்கலாம்? ஒரு சட்டம் இண்டைக்கு என்ன சொல்லுது எண்டதோட நிக்காமல், அது நாளைக்கு என்ன செய்யேலும் எண்டு பார்க்கிறதுதான் நல்ல சட்டத்தரணியின் வேலை. கரம்பன் புரொக்டர் அதைச் செய்து ஒரு தொகுதியை இழந்தார். எங்களிட்ட இழக்கத் தொகுதி இல்லை. கேக்கிறதுக்கு என்ன தடை?