ஒரு ராகத்தின் வயது

கரகரப்பிரியா என்றதும் இரண்டு பதில்கள் தயாராக வரும். சிலப்பதிகாரத்துக் கோடிப்பாலைதான் அது என்பார் ஒருவர்; ஸாமகானத்தில் பிறந்தது என்பார் இன்னொருவர். கட்சிகள் வேறு. பிழை ஒன்றே. இருவருமே ஸ்வர வரிசையை ராகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

வரிசை பழையது, அதில் தகராறு இல்லை. ஸட்ஜத்திலிருந்து மத்யமம் வரை உள்ள இடைவெளிகள், பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை அப்படியே திரும்ப வருகின்றன. கீழே பிடித்த பிடிக்கு மேலே பதில் சொல்லலாம். ராக விஸ்தாரத்துக்கு இதைவிட வசதி வேண்டாம். இருந்தும், 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி தம் காலத்து வழக்கில் இருந்ததாகக் கொண்ட 19 மேளங்களில் இந்த ஸ்வரங்கள் ஸ்ரீராகம் என்ற பெயரில்தான் இருக்கின்றன. ஸ்ரீராகத்தில் ஏறும்போது காந்தாரம் இல்லை, தைவதம் இல்லை. இறங்கும்போது காந்தாரம் வளைந்து வந்து போகும், தைவதம் அபூர்வம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் (1775–1835) போனதும் இந்த வழியில்தான்.

கரகரப்பிரியா என்ற பெயரோ ஓர் எண். கடபயாதி முறையில் அதன் முதல் இரண்டு எழுத்துகள் 22 என்ற மேள எண்ணைத் தரும். 72 மேளத் திட்டம் கணக்குப் போட்டு உண்டாக்கியது. லெட்ஜரில் பெயர் எழுதிவிட்டால் மட்டும் கணக்கில் பணம் சேர்ந்துவிடுவதில்லை என்பது என் போன்ற குமாஸ்தாவுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் முதல் போட்டவர் தியாகராஜர் (1767–1847). ‘சக்கனி ராஜ’, ‘பக்கல நிலபடி’, ‘ராம நீ ஸமானமெவரு’ மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் விஷயம் புரியும். ஸ்ரீராகம் தொட்டும் தொடாமலும் விட்ட காந்தாரமும் தைவதமும் இங்கே முழு உரிமையோடு நிற்கின்றன. அந்தக் காந்தாரத்தைக் கவனிக்க வேண்டும். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைந்துகொண்டே தன் இடத்தை உணர்த்துகிறது. அசைவை எடுத்துவிட்டால் ஸ்வரம் மிஞ்சும், ராகம் போய்விடும். செம்மங்குடி ஸ்ரீநிவாஸய்யர் (1908–2003) இந்த ராகத்தை ஆலாபனை செய்யும்போது நாம் கேட்பது பழைய பாலையையும் அல்ல, மேள எண்ணையும் அல்ல. அந்தக் கிருதிகள் கற்றுக்கொடுத்த நடையைக் கேட்கிறோம்.

இதை ஒப்புக்கொள்ள ஏன் தயக்கம்? ஒரு மனிதர் செய்தது என்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம். புதுக்கவிதைக்குச் சங்கப் பாடலில் வேர் தேடிக் கொடுத்துக் காப்பாற்ற முயல்கிறவர்களிடமும் இதே பயம்தான். மூலப்பொருள் எத்தனை பழையதாகவும் இருக்கலாம். அதை மரபாக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

‘சக்கனி ராஜ’ ராஜபாட்டையைப் பற்றிய பாட்டு. அதைப் பாட வந்தவர், அதுவரை பாட்டையே விழாத ஒரு ராகத்தில் நடந்திருக்கிறார்.