வலிப்பு நோயும் சிறப்பு வைத்தியசாலைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதரைப் பற்றும் நோய்களுள் வலிப்பு நோயைப்போலத் தெய்வத்தோடும் பேயோடும் நெடுங்காலம் தொடர்புபடுத்தப்பட்டது வேறொன்றில்லை எனலாம். கிரேக்கர் அதனைப் 'புனித நோய்' என்றனர். தமிழில் நடராசரின் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனின் பெயரே இந்நோய்க்கும் பெயராயிற்று. கொல்லிமழவனின் மகளைப் பற்றிய முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்திலே பதிகம் பாடி நீக்கியமையைப் பெரியபுராணம் கூறும். கி.மு. 400 அளவில் எழுந்த இப்போக்கிராத்தர் மரபு நூலொன்று, இந்நோய் ஏனையவற்றினும் புனிதமானதன்று என்றும், மூளையே அதன் இருப்பிடம் என்றும் வாதிட்டது. ஆயினும், அக்கருத்து மருத்துவ நிறுவனமாக உருப்பெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும், குணப்படுத்தவியலாதோர் எனக் கருதப்பட்டோரை ஏற்கப் பொது வைத்தியசாலைகள் தயங்கின. பொற்றாசியம் புரோமைட்டின் பயனைச் சேர் சாள்ஸ் லொக்கொக் 1857இல் வெளியிடும்வரை, இந்நோய்க்குப் பயன்தரு மருந்தெதுவும் இருக்கவில்லை. இச்சூழ்நிலையிலேதான், பக்கவாதத்தால் துன்புற்ற தம் பாட்டியாரைப் பராமரித்த யொஹானா சான்ட்லர், தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து நிதி திரட்டினார். அதன் பயனாக, பக்கவாத நோயாளருக்கும் வலிப்பு நோயாளருக்குமான வைத்தியசாலையொன்று 1860இல் இலண்டன் குயீன் சதுக்கத்தில் எட்டுப் படுக்கைகளுடன் திறக்கப்பட்டது.

ஒரே வகை நோயாளர் ஓரிடத்தில் நீண்டகாலம் அவதானிக்கப்பட்டமை அறிவியலுக்குப் பெரும்பயன் விளைத்தது. 1862இல் அங்கு பணியேற்ற யோன் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு உடலின் எவ்வுறுப்பிலே தொடங்கி எவ்வழியே பரவுகின்றதென நுணுகி நோக்கினார். மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் நிகழும் திடீரென்ற, மிகையான மின்னிறக்கம் போன்றதொரு வெளிப்பாடே வலிப்பு என 1873இல் அவர் விளக்கினார். தலையிற்பட்ட பழைய காயத்தால் வலிப்புக்குள்ளாகிய 22 வயது இளைஞனொருவனுக்கு விக்டர் ஹோர்ஸ்லி 1886இல் அங்கு மூளைச் சத்திரசிகிச்சை செய்தார். பேயின் செயலெனப்பட்டது கத்தி தொடத்தக்க தழும்பொன்றின் செயலாயிற்று.

எனினும், நோயை அறிந்ததனால் நோயாளரின் வாழ்வு சீர்பட்டுவிடவில்லை. மருந்து பெற்று வெளியேறியவருக்கு வேலை கொடுப்பாரில்லை. யேர்மனியின் பீலபெல்டில் 1867இல் தோன்றிய பெத்தேல் நிலையம் இதற்கொரு வழிகாட்டிற்று. குயீன் சதுக்க மருத்துவர் சிலரும் கொடையாளரும் 1892இல் அமைத்த சங்கம், சல்பொன்ற் என்னுமிடத்தில் 1894இல் பண்ணைக் குடியிருப்பொன்றை நிறுவியது. அங்கு உழைப்பும் உணவும் பாதுகாப்பும் கிடைத்தன. ஊரோடு ஒன்றிவாழும் உரிமை கிடைக்கவில்லை. இரக்கத்தினால் எழுந்த ஏற்பாடே, நோயாளர் தனியினத்தவர் என்னும் எண்ணத்துக்கும் இடமளித்தது. பரம்பரைத் தூய்மைக் கோட்பாடு அவ்வெண்ணத்தைக் கொடுமையாக்கிற்று. பரம்பரை வலிப்பு நோயாளரைக் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கும் சட்டம் 1933இல் யேர்மனியிலே பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவின் 17 மாநிலங்களில் இந்நோயாளர் மணம்புரிதல் 1956வரை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது.

இந்த ஒதுக்கலின் அடித்தளத்தை மருத்துவ வளர்ச்சி படிப்படியாகத் தகர்த்தது. 1912இல் பீனோபாபிற்றோனும் 1938இல் பெனிற்றோயினும் சிகிச்சையில் இடம்பெற்றன. ஹன்ஸ் பேகர் 1929இல் வெளியிட்ட மூளை மின்னலைப் பதிவு, கண்ணுக்குப் புலப்படாத வலிப்பையும் தாளில் வரைந்து காட்டிற்று. குயீன் சதுக்கத்திற் பயின்ற வைல்டர் பென்பீல்ட் 1934இல் மொன்றியலில் நரம்பியல் நிறுவகத்தைத் தொடக்கினார். அங்கு பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது நரம்பியற் சத்திரசிகிச்சைத் துறையை நிறுவினார். 1952இல் வலிப்புக்கான சத்திரசிகிச்சையும் அங்கு நிகழ்ந்தது. இலண்டனில் எட்டுப் படுக்கைகளோடு தொடங்கிய மரபு ஒரு நூற்றாண்டுக்குள்ளாகவே தமிழ்நாட்டை எட்டியமை மனங்கொள்ளத்தக்கது. சல்பொன்றும் 1970களில் குடியிருப்பென்னும் நிலையிலிருந்து மாறி, நோயை மதிப்பிட்டு நோயாளரை வீட்டுக்கு அனுப்பும் சிறப்பு நிலையமாகத் தொழிற்படலாயிற்று.

ஆயினும் வரலாறு இங்கே முற்றுப்பெறவில்லை. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டெனவும், உரிய சிகிச்சை கிடைப்பின் அவர்களுள் 70 வீதம் வரையினர் வலிப்பின்றி வாழலாமெனவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வறிய நாடுகளிலோ நாலில் மூன்று பங்கினர் அச்சிகிச்சையைப் பெறுவதில்லை. நூறாண்டு கடந்த மலிவான மருந்துகூட அவர்களை எட்டவில்லை. இந்திய இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக இருந்த நிலையும் 1999இலேதான் நீக்கப்பட்டது. 2022இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பத்தாண்டுச் செயற்றிட்டம், சிகிச்சையோடு நோயாளரின் உரிமைகளையும் சேர்த்தே பேசுகின்றது.

சிறப்பு வைத்தியசாலை நோயின் இருப்பிடத்தைக் கண்டு காட்டியது. நோயாளரின் இருப்பிடம் எது என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டியது சமுதாயமே. கிராமத்து மருந்தகத்தில் மருந்தும், பாடசாலையிலும் தொழிலகத்திலும் இடமும் கிடைக்கும்போதே முயலகன் உண்மையில் அடங்கியவனாவான்.