வீட்டுக் கணிப்பொறியில் தமிழ் ஏறிய கதை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் பாதையில் எண்ணூர், அத்திப்பட்டு முதலிய நிலையங்களைத் தாண்டியதும் வருவது மீஞ்சூர். அவ்வூரின் பெயரைப் பலகையில் தீட்டும் ஓவியருக்கு நான்கு எழுத்துகள் போதும்: மீ, ஞ், சூ, ர். மீஞ்சூர் மாணவர் ஒருவர் இன்று தம் வீட்டுக் கணிப்பொறியில் இந்த நான்கு எழுத்துகளையும் தட்டி அனுப்பினால், யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் அவை அப்படியே தெரிகின்றன. 1995-ஆம் ஆண்டில் இதற்கு உறுதி கூற யாராலும் முடியாது. ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடுகளுக்கிடையேகூடத் தமிழ்க் கோப்பு ஒன்று சிதையாமல் போய்ச் சேரும் என்று சொல்வதற்கில்லை.

இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? பெரிய நிறுவனங்களுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அவை வருவதற்கு முன்பே, தனி மனிதர்கள் சிலர் தம் ஓய்வு நேரத்தில் எழுதிய சிறு சிறு செயல்நிரல்களே வழியைத் திறந்துவைத்தன.

எழுத்தும் எண்ணும்

கணிப்பொறிக்கு எழுத்து என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வழங்கி, அந்த எண்ணைச் சேமித்து, திரையில் காட்டும்போது அதற்குரிய வடிவத்தை அது வரைகிறது. தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு, அதாவது 256 இடங்கள். அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் குறிகளுக்கும் போய்விட்டன. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக மொத்தம் 247 எழுத்துகள். எஞ்சிய 128 இடங்களில் இவற்றை எப்படி அடக்குவது?

இதற்கு ஒரு வழியைத் தட்டச்சுப் பொறி முன்பே காட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனித்தனி விசைகளாகப் பிரித்தார். துண்டுகளைச் சேர்த்து எழுத்தை ஆக்கும் இந்த உத்தியையே கணிப்பொறிக்காரர்களும் கையாண்டனர்.

டாஸ் காலம்

1980-களில் வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றில் இயங்கியது டாஸ் இயக்க முறைமை. அதன் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரிகள். எழுத்தின் வடிவங்கள் பொறிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தன. ஆகவே தமிழைக் காட்ட விரும்பிய செயல்நிரல், திரையில் படம் வரைவதுபோல் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் தானே வரைய வேண்டியிருந்தது.

கனடாவில் முனைவர் சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் உருவாக்கிய 'முரசு' ஆகியவை அக்காலத்தின் முன்னோடிகள். புணேயில் உள்ள சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக 'ஜிஸ்ட்' என்னும் மின்னணு அட்டையை அளித்தது. இவை யாவும் பயனுள்ளவையே. எனினும் எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் இவற்றிடையே ஒற்றுமை இல்லை. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை.

எழுத்துரு என்னும் முகமூடி

விண்டோஸ் பரவிய பின் வேலை எளிதாயிற்று. தமிழ் வடிவங்களைக் கொண்ட ஓர் எழுத்துருக் கோப்பைப் பொறியில் நிறுவினால் போதும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை ஆக்கி எல்லோருக்கும் இலவசமாக அளித்தார். இலங்கைத் தமிழரிடையே 'பாமினி' பெருவழக்காயிற்று.

ஆனால் இம்முறையில் ஒரு சிக்கல் மறைந்திருந்தது. பாமினியில் 'அம்மா' என்று எழுதுவதாகக் கொள்வோம். திரையில் அம்மா என்றே தெரியும். உள்ளே பதிந்திருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகளுக்குரிய எண்கள். 'ம' என்று நாம் காண்பது உண்மையில் 107 என்னும் எண். அது ஆங்கிலச் சிறிய 'கே'யின் எண். பாமினி என்ற முகமூடியைக் கழற்றினால் அம்மாவும் மறைந்துவிடுவார்! அந்த எழுத்துரு இல்லாத வீட்டில் அக்கடிதம் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. இப்படி ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்துக்கொண்டது.

மூன்று விசைப்பலகைகள்

தட்டும் முறையிலும் இதே குழப்பம்தான். பயிலகத்தில் தட்டச்சுக் கற்றவர்கள் பழைய தட்டச்சுப் பலகையையே விரும்பினர். ஆங்கிலப் பலகைக்குப் பழகியவர்கள் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையை நாடினர். 1997-ல் சிங்கப்பூரில், தமிழ் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது.

இந்தப் பலகையில் உயிர் எழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. மீஞ்சூர் என்று எழுத ம, ஈ, ஞ, ச, ஊ, ர, புள்ளி என ஏழு விசைகள் போதும். ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்தால் ஞகரத்தின் மேல் புள்ளி தானாகவே விழுந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும் என்னும் இலக்கணத்தையே செயல்நிரல் இங்கே பயன்படுத்திக்கொள்கிறது.

அதே மாநாட்டை ஒட்டி டேப், டேம் என்னும் எண் வரிசைகளும் தரமாயின. இணைய ஆர்வலர்கள் கூடி வகுத்த திஸ்கி என்னும் மற்றொன்றும் வழக்கில் இருந்தது.

ஒருங்குறி

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) 1991-ல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கென 1988-ல் வகுத்த 'இஸ்கி' முறையைத் தழுவி அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள்.

மீஞ்சூர் என்னும் சொல் அதில் இவ்வாறு பதிகிறது: 2990, 3008, 2974, 3021, 2970, 3010, 2992, 3021. நான்கு எழுத்துக்கு எட்டு எண்கள். இரண்டு முறை வரும் 3021 என்பது புள்ளி. அருகிலுள்ள பொன்னேரியில் 'னே'யின் கொம்பு திரையில் முன்னால் நின்றாலும், 'ன' முதலிலும் கொம்பு பின்னருமாகவே பதிகின்றன. கண்ணுக்குத் தெரியும் வரிசையை விடுத்து, ஒலியின் வரிசையை ஒருங்குறி பின்பற்றுவதே காரணம். உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரவில்லையே என்று தமிழறிஞர் பலர் குறைகூறினர். அவற்றுக்குத் தனி இடம் தரும் 16 பிட்டு முறை ஒன்றையும் ஒருங்குறியோடு சேர்த்து, 2010 ஜூனில் தமிழக அரசு தரமாக ஏற்றது.

கலப்பைகளும் மாற்றிகளும்

விண்டோஸ் 2000 பதிப்பில் 'லதா' எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழ் வந்தது. ஆயினும் வீட்டுப் பயனருக்கு எளிதாகத் தட்டும் வழி தேவைப்பட்டது. முகுந்தராஜின் 'எ-கலப்பை', விசுவநாதனின் 'அழகி', பின்னர் சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். எழுதி ஆகியவை அக்குறையை நீக்கின. அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். பழைய எழுத்துருக்களில் கிடந்தவற்றை ஒருங்குறியாக்கும் மாற்றியைச் சுரதா யாழ்வாணன் அளித்தார். இந்த மாற்றிகள் இல்லாவிடில், 1990-களில் எழுதப்பட்ட கடிதங்களும் கதைகளும் ஆய்வுகளும் படிக்க ஆளின்றிப் போயிருக்கும்.

பழைய கோப்புகளை மீட்பது எப்படி?

அந்த ஆபத்து இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. பழைய குறுந்தகடுகளில் தமிழ்க் கோப்புகள் வைத்திருப்போர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலில் கோப்பைப் படியெடுத்து, படியில் மட்டுமே மாற்றம் செய்க. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை அறிந்து, அந்தப் பெயரை மாற்றியில் தெரிவு செய்க. பெயர் தெரியாவிடில் ஒரு பத்தியை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக முயல்க. சரியானது அகப்படும்போது பொருள் தானே விளங்கும்.

கோப்பில் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், பாமினி போன்றவற்றில் அவையும் தமிழ் எழுத்துகளாக மாறிச் சிதையும். அவற்றை முன்னதாகக் குறித்துவைக்க வேண்டும். உருவ ஒற்றுமையால் காலுக்குப் பதில் ரகரத்தையும், 'ஔ'வுக்குப் பதில் ஒகர ளகரத்தையும் தட்டியவர்கள் பலர். அச்சில் தெரியாத இப்பிழைகள் தேடும்போது வெளிப்படும். கண்ணுக்கு 'காலம்' என்று தெரிந்தாலும், உள்ளே ரகரம் பதிந்திருந்தால் கணிப்பொறி அதைக் கண்டுபிடிக்காது.

கடைசியாக, மாற்றியதை எந்தப் பொறியும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக, யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்து, இரண்டு இடங்களில் வைத்திருங்கள். மாணவர்கள் தம் ஊர் நூலகத்திலோ பள்ளி ஆண்டு மலர்க் கோப்புகளிலோ இதைச் செய்து பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுதின் உழைப்பில், இருபது ஆண்டுகளாகத் திறக்கப்படாத ஒரு மலர் மீண்டும் படிக்கக் கிடைக்கும்.