நிக்கோடிமஸ்: கன்சஸ் புல்வெளியில் ஒரு சிற்றூரின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்து வடமேற்குப் பகுதியில், சொலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே, நிக்கோடிமஸ் என்னும் ஊர் உளது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அவ்வூரில் வாழ்ந்தோர் பதினால்வரே. வரலாற்று நூல்கள் சில இதனை இருப்புப்பாதை வாராமையால் அழிந்த ஊர்களின் வரிசையில் வைத்து ஒரு வரியிற் கூறி அப்பாற் செல்லும். ஆயின் கறுப்பின மக்கள் தாமே சென்று குடியேறி அமைத்த ஊர்களுள், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, உள்நாட்டுப் போரை அடுத்த காலத்திலிருந்து இன்றுவரை மக்கள் நீங்காது வாழ்வது இஃதொன்றே. அழிந்ததென்று கூறப்படும் ஊர் எவ்வாறு நிலைத்தது என்பது ஆராயத்தக்கது.

குடியேறியோரிற் பெரும்பாலார் கென்றக்கி மாநிலத்து ஜோர்ஜ்ரவுண் பகுதியினர். கென்றக்கி, பிரிந்துசென்ற தென் மாநிலங்களோடு சேராமையால், 1863இல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அங்கு செல்லுபடியாகவில்லை. 1865இன் இறுதியில் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் நிறைவேறிய பின்னரே அங்குள்ள அடிமைகள் அனைவரும் சட்டப்படி விடுதலை எய்தினர். எய்தியும் என்? காணி பழைய உடைமையாளரிடத்தே இருந்தது. நேற்றுவரை அடிமையாயிருந்தவன் இன்று அதே வயலிற் கூலியாளாயினான். சொந்த நிலமில்லாத விடுதலை எத்தகையது என்பதை அன்னார் பன்னிரண்டு ஆண்டு அநுபவத்தாற் கண்டுகொண்டனர்.

கன்சஸ் அவர்கள் உள்ளத்தை ஈர்த்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அடிமைமுறையை எதிர்த்து ஜோன் பிறவுண் போர்புரிந்த நிலம் அது; 1861இல் அடிமையற்ற மாநிலமாகவே ஐக்கியத்திற் சேர்ந்தது. மற்றையது 1862ஆம் ஆண்டின் குடியேற்றக் காணிச் சட்டம். ஐந்தாண்டு குடியிருந்து பயிர்செய்வோர்க்கு, பதிவுக் கட்டணம் மாத்திரம் பெற்று, 160 ஏக்கர் நிலத்தை அச்சட்டம் உரிமையாக்கியது. 1877ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையரான காணித் தரகரும், டபிள்யூ. எச். சிமித் என்னும் கறுப்பினத்தவரும் பிறருங் கூடி ஓர் ஊர்க் கழகத்தை நிறுவினர். ஹில் கென்றக்கிக்குச் சென்று, வளமிக்க மண்ணும் வேட்டைக்குரிய விலங்குகளும் நிறைந்த நாடு என விரித்துரைத்தார். தரகர் சொல் எந்நாட்டிலும் ஒரு தன்மைத்தே போலும். ஊரின் பெயர் விவிலியத்து நிக்கொதேமுவைச் சுட்டும் என்பார் உளர். கழகத்தாரின் விளம்பரங்களோ, தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கியவனாகச் சொல்லப்படும் ஓர் அடிமையின் பெயரெனக் கருத இடந்தருகின்றன.

அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்தில் ஏறத்தாழ முந்நூறு பேர் எல்லிஸ் என்னும் நிலையம்வரை புகையிரதத்திற் சென்று, அங்கிருந்து தரைவழியாய்ப் புல்வெளியைக் கடந்தனர். சென்றடைந்த இடத்தில் ஊரைக் கண்டிலர். மரமற்ற புற்பரப்பில் ஆங்காங்கே நிலத்தைக் குடைந்து அமைத்த அறைகளிலிருந்து புகை மாத்திரம் எழுந்துகொண்டிருந்தது. அடுத்த வேனிலில் வந்த குழுவினருள் ஒருவரான வில்லியானா ஹிக்மன் என்னும் பெண்மணி, தரையிலிருந்து எழுந்த அப்புகையையே ஊரெனக் கணவர் காட்டியபோது தாம் அழுததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவர் வந்த குழு எல்லிசில் தங்கியிருந்தபோது சின்னமுத்து நோய் கண்டு குழந்தைகள் சிலர் இறந்தனர். அவர்களை அங்கே அடக்கஞ் செய்துவிட்டே எஞ்சியோர் இரண்டு நாள் வழிநடந்தனர்.

முதற்குழுவினருட் பலர் அவ்விடத்தைக் கண்டவுடனே திரும்பிச் சென்றனர். ஏமாற்றப்பட்டோம் என்று ஹில் மீது கொண்ட சினமும் பெரிது. எஞ்சியோர்க்கு முதற் பனிக்காலமே பெருஞ் சோதனையாயிற்று. வந்தது இலையுதிர் காலமாதலின் விதைக்கும் பருவம் கடந்துவிட்டது. ஏரும் எருதும் உடையோர் மிகச் சிலர். விறகில்லாமையாற் காட்டெருமையின் உலர்ந்த சாணத்தையும் சூரியகாந்தித் தண்டுகளையும் எரித்தனர். வேட்டையினின்று மீண்ட ஓசேஜ் இந்தியர் தம் இறைச்சியிற் பங்கு கொடுத்து அவர்களைக் காத்தனர் என்பது அவ்வூரார் வழிவழி கூறிவரும் செய்தி. தம் நிலத்தினின்று அகற்றப்பட்ட ஓரினத்தார், நிலமின்றி வந்த இன்னோரினத்தார்க்கு உணவளித்தனர் என்னும் இச்செய்தி சிந்திக்கத்தக்கது. அக் குடியேற்றச் சட்டம் பகிர்ந்தளித்த நிலம் யாருடையது என்ற வினா இதனுள் அடங்கியிருக்கின்றது.

கிழக்குக் கன்சசில் உள்ளோர் அனுப்பிய உதவிப் பொருள்களும் முதலாண்டிற் பயன்பட்டன. எனினும் 1879இல் ஊரார் கூடி, இனிப் புறத்தாரிடம் உதவி வேண்டுவதில்லை எனத் துணிந்தனர். ஆடவர் தொலைவிலுள்ள இருப்புப்பாதை வேலைக்கும் அறுவடைக்கும் நடந்து சென்று கூலியீட்டினர். பெண்டிரும் பிள்ளைகளும் மண்வெட்டிகொண்டு புற்றரையைக் கிளறினர். சக்காரி பிளெச்சர் ஊரின் முதல் தபாலதிபராகிப் பின்னர் சென் பிரான்சிஸ் என்னும் விடுதியை நடத்தினார். அவர் மனைவி ஜெனி பிளெச்சர் பிள்ளைகளுக்கு முதலாசிரியரானார். தங்குதற்கு நல்ல வீடு அமையுமுன்னரே பள்ளிக்கூடம் தொடங்கினர். எழுத்தறிவைப் பல தலைமுறையாக மறுக்கப்பெற்றோர் அதனை எத்துணை அவாவினர் என்பது இதனாற் பெறப்படும்.

1878இல் வந்துசேர்ந்த எட்வேர்ட் மக்கேப் என்பவரின் வாழ்க்கை தனியே குறிக்கத்தக்கது. நியூ யோர்க் மாநிலத்திற் பிறந்து சிக்காகோவில் எழுதுவினைஞராயிருந்த அவர், 1882இல் கன்சஸ் மாநிலக் கணக்காய்வாளராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1884இல் மீண்டும் வென்றார். வெள்ளையரே பெரும்பான்மையினரான ஒரு மாநிலத்தில், மாநிலம் முழுவதற்குமான பதவியைக் கறுப்பினத்தவர் ஒருவர் வாக்காற் பெற்றமை அக்காலத்தில் அரிதினும் அரிது. ஆயினும் அவர் நிக்கோடிமசை விட்டு நீங்கியவரே. பின்னர் ஒக்லகோமாவில் 1890இல் லாங்ஸ்ரன் என்னும் ஊரைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். 1920இல் வறியராய் இறந்தார்.

1880ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஊரிற் கடைகளும் தேவாலயங்களும் விடுதியும் எழுந்தன. இரு செய்தித்தாள்கள் வெளிவந்தன. இனி வேண்டுவது இருப்புப்பாதை ஒன்றே என எல்லோரும் எண்ணினர். 1887இல், மிசூரி பசிபிக் கம்பனி தம்மூர்வழியே பாதையிடுமாயின் அதற்கு 16,000 டொலர் கடன்பத்திர உதவி வழங்க வாக்களித்தனர். பத்தாண்டின் முன் மண்ணறையிற் பசித்திருந்தோர் வாக்களித்த தொகை அது. பேச்சுவார்த்தை நிறைவேறவில்லை. யூனியன் பசிபிக் கம்பனியோ 1888இல் ஆற்றின் தென்கரைப் பக்கமாகத் தன் பாதையை இட்டது. சில மைல் தொலைவிற் போக் என்னும் புதிய ஊர் தோன்ற, வணிகர் தம் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு அங்கே சென்றனர், செய்தித்தாள்களும் நின்றன.

மேற்கூறிய நூல்கள் வரலாற்றை இங்கு முடிப்பது பொருந்தாது. சென்றோர் வணிகர், உழவரிற் பலர் செல்லவில்லை. அவர்கள் தேடி வந்தது சந்தையை அன்று, காணியை. காணி உறுதி கையிலிருந்தவரை, கடைத்தெரு அகன்றமை இழப்பேயன்றி முடிவன்று. ஊரை உண்மையிலே தளர்த்தியது 1930ஆம் ஆண்டுகளின் வறட்சியும் புழுதிப்புயலும் பொருளாதார மந்தமுமே. அக்காலத்தில் வயல்களை விட்டு நகரங்களை நாடியோர் பலர். அந்நிலையிலும் 1939இல் அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ் சுண்ணக்கல்லால் ஊர் மண்டபம் ஒன்று கட்டப்பட்டது. தபாற்கந்தோர் 1953இல் மூடப்பட்டது. மறு ஆண்டில், அவ்வூரிற் பிறந்த வெரில் சுவிற்சர் கிறீன் பே கழகத்தின் உதைபந்தாட்ட வீரராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். 2022இல் அவர் காலமாகும்வரை பிறந்த ஊரோடு தொடர்பு நீங்காதிருந்தார். அமெரிக்க உதைபந்து, காலினும் கையாலேயே மிகுதியும் ஆடப்படுவது என்பதை ஈண்டுக் கூறுதல் வேண்டும்.

ஊரார் தொடக்கந்தொட்டே ஓகத்து முதலாந் தேதியை அண்டி விடுதலை விழா எடுத்து வந்தனர். அது லிங்கனின் பிரகடன நாளன்று. 1834இல் பிரித்தானியரின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். (அதே சட்டம் இலங்கையை விலக்கிவிட்டது, ஈண்டு அடிமைமுறை 1844இலேயே முற்றாக நீக்கப்பட்டது.) அவ்விழா இப்பொழுது யூலை மாத இறுதியில் ஊர்திரும்பும் விழாவாக நடைபெறுகின்றது. 1996இல் ஐக்கிய அமெரிக்க அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கி, தேவாலயங்கள் இரண்டு, விடுதி, பள்ளிக்கூடம், ஊர் மண்டபம் ஆகிய ஐந்து கட்டடங்களை அதனுள் அடக்கியது. பதினால்வர் வாழும் ஊருக்கு அந்நாள்களில் நூற்றுக்கணக்கானோர் பல மாநிலங்களிலிருந்து வருகின்றனர். விருந்து 1939இற் கட்டிய அம்மண்டபத்தில் நடைபெறும்; வெளியே, முதற்குடிகள் பதிவுசெய்த காணிகள் சிலவற்றில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றுங் கோதுமை விளைக்கின்றனர்.